‘விழித்தெழு’ என்றது தலையணை

தையல் இயந்திரம் மாடிப்படியின் திருப்பத்தில் வசமாக மாட்டிக்கொண்டது. மேலே ஏறவும் மறுத்தது. கீழே இறங்கவும் மறுத்தது. மேல்படியில் நின்று அதை இழுத்துக்கொண்டிருந்தவர், அந்த வட்டாரம் முழுவதும் ‘மைக்’ என்ற பெயரால் அறிந்திருந்த ஓய்வுபெற்ற மேடைப் பேச்சாளர். கீழ்ப்படியில் நின்று தள்ளிக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவியின் தங்கை.

“அத்தான், நான் மெஷினை எங்க வீட்டுக்குக் கொண்டுபோக வந்தேன். வண்டி வாசல்ல நிக்குது. நீங்க என்னடான்னா மாடிக்கு ஏத்துறீங்க!”

“வண்டியைத் திருப்பி அனுப்பும்மா. இது இந்த வீட்டை விட்டுப் போகாது.”

“அக்காதானே எடுத்துக்கோன்னு சொன்னா?”

“சோர்வுல சொல்லியிருப்பா. சோர்வுல சொல்றதெல்லாம் தீர்மானம் ஆயிடாது. நீ தள்ளு!”

பகலெல்லாம் சாயத் தொழிற்சாலையில் பீப்பாய் கலக்கி, மாலையெல்லாம் மேடையில் மூட மதியைச் சாடிய மனிதர் அவர். ஒலிபெருக்கி பழுதானால் மற்றவர் கூட்டம் கலையும்; இவர் கூட்டம் நடக்கும். அப்படி வந்ததுதான் ‘மைக்’ என்ற பட்டம். கூட்டத்துக்கு முந்தைய மாலைகளில் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு ஒத்திகை பார்ப்பார். கண்ணைத் திறந்தால் அலமாரியும் துவைத்த துணியும் தெரியும். மூடினால் அல்லவோ கடல்போன்ற கூட்டம் தெரியும்!

அவர் “தோழர்களே!” என்று தொடங்க வேண்டியதுதான், சமையலறைக் கதவோரத்திலிருந்து தையல் இயந்திரம் கடகடவென்று எழும். அவர் குரல் உயர்ந்தால் அதன் வேகமும் உயரும். அந்த வாடகை வீடும், மங்கலான விளக்கும், பாயில் உறங்கும் பையனும், இரும்புச் சக்கரத்தின் அந்த இடைவிடாத ஓட்டமும் அவருடைய நினைவில் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிக் கிடந்தன. “நான் கருத்தைத் தைத்தேன், என் துணைவி துணியைத் தைத்தாள்!” என்று அவர் பேசாத மேடை இல்லை, கைதட்டாத கூட்டமும் இல்லை.

பிறகு தொண்டை மருத்துவர் குறுக்கிட்டார். மேடை கூடாது, வீட்டிலும் தாழ்ந்த குரலில்தான் பேச வேண்டும் என்று கட்டளையிட்டார். மைக் அடங்கியது. அதே வாரத்தில் தையல் இயந்திரமும் அடங்கியது. தம் துயரத்தில் பங்கேற்கும் பொருட்டு மனைவி தன் கலையையே துறந்துவிட்டாள் என்று எண்ணி அவர் உள்ளம் உருகினார். இயந்திரத்தின் மேல் முதலில் செய்தித்தாள் ஏறியது. பிறகு குடை ஏறியது. கடைசியில் ஊறுகாய் ஜாடியும் ஏறி அமர்ந்தது.

அந்த ஜாடிதான் அவருடைய மனச்சான்றைக் குத்தியது. பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு எங்கே, இடம் எங்கே என்று ஊர் ஊராகக் கேட்டாயே, உன் வீட்டில் உன் துணைவிக்கு நீ ஒதுக்கிய இடம் எது? செருப்பு அலமாரிக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவில் ஒரு சந்து அல்லவா! பழைய சாமான் போட்டிருந்த மாடி அறையைக் கைவினைக் கூடமாக மாற்றுவது என்று அன்றே உறுதி பூண்டார். அவள் மகன் வீட்டுக்குப் போயிருந்த இடைவெளியில் சுவருக்கு மஞ்சள் பூசினார். நூல்கண்டுகளை நிறவாரியாக ஆணிகளில் மாட்டினார். பொத்தான்களைக் கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பினார். சன்னலை மறைத்த பெட்டிகளை அகற்றி வெளிச்சத்துக்கு விடுதலை வாங்கித் தந்தார். இன்று மாலை அவள் திரும்புகிறாள். மீண்டும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்தக் கடகட ஒலியைக் கேட்டுவிட வேண்டும். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

“அத்தான், கை விட்டுப்போகுது! அந்த மெஷினைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அக்கா அதை எதுக்காக...”

“எதுக்காகவா? படைப்புக்காக! மனுஷப் பிறவிக்கே உரிய படைப்பு உணர்ச்சிக்காக! பலகையைக் கழட்டிட்டா சுலபமா ஏறிடும். ஸ்க்ரூ டிரைவரை எடு.”

பலகை கழன்றது. கூடவே, யாரும் கேட்காமலே, பெரிய சக்கரமும் கழன்றது. அது தோல் பெல்ட்டை அறுத்துக்கொண்டு படிகளில் தத்தித் தத்தி இறங்கி, கூடத்தைக் கடந்து, வாசலில் நின்ற வண்டிக்காரரின் காலடியில் போய்ப் படுத்தது.

“இதை மட்டும்தான் ஏத்தணுமா?” என்றார் வண்டிக்காரர்.

சக்கரத்தை மீட்டு வந்தார்கள். எண்ணெய் போட்டால் இரும்புக்கால் வழுக்கிக்கொண்டு ஏறும் என்று பேச்சாளர் ஆராய்ந்து கண்டார். எண்ணெய் போட்டார், வழுக்கியது. வழுக்கியவர் அவர்தான். விழாமல் தப்ப அவர் கை ஊன்றிய இடம் புத்தம்புதிய மஞ்சள் சுவர். ஐந்து விரலும் கரிய எண்ணெயில் அப்படியே பதிந்தன.

“காவல் நிலையத்துல கைரேகை எடுத்த மாதிரி இருக்கு அத்தான்.”

“வாயை மூடு. திரை போட்டு மறைச்சிடலாம்.”

“திரைத்துணி எங்க இருக்கு?”

துணி இருந்தது. பேச்சாளரின் இரும்புப் பெட்டியில், பழைய கூட்டங்களில் கட்டிய துணிப் பதாகைகள் மடித்து மடித்துக் கிடந்தன. ஒவ்வொன்றையும் பிரிக்கையில் ஒவ்வோர் ஊரும் எழுந்து வந்தது. இது மழையில் நனைந்தபடி பேசிய கூட்டம். இது கல் வந்து விழுந்த கூட்டம். இது பையன் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் “போயிட்டு வாங்க தோழர், நான் பாத்துக்கிறேன்” என்று அனுப்பிவைத்த கூட்டம். மனைவியைத் தோழர் என்றே அழைப்பது அவருடைய கொள்கை. அவளும் அவரைத் தோழர் என்றே அழைப்பாள். “தோழர், குப்பைக் கூடை நிறைஞ்சிருச்சு” என்பது போன்ற தருணங்களில்.

“அதுக்கு முன்னாடி, உங்க அக்கா கையால தச்சதுல நல்லதா நாலு எடுத்துட்டு வா. சுவர்ல மாட்டலாம். பார்த்தாலே ஊக்கம் பொங்கணும்.”

மைத்துனி வீடெல்லாம் தேடி வந்தாள். கிடைத்தவை ஒரு கைப்பையும் இரண்டு கைக்குட்டையும். கைப்பைக்குக் கைப்பிடி இல்லை.

“இவ்வளவுதானா? அத்தனை வருஷம் தச்சாளே!”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் அத்தான்...”

“புரிஞ்சுபோச்சு!” அவர் கண்கள் பனித்தன. “எல்லாத்தையும் இல்லாதவங்களுக்குக் கொடுத்துட்டா. வலது கை தச்சது இடது கைக்குத் தெரியாம கொடுத்திருக்கா. அதான்மா பெருந்தன்மை!”

மைத்துனி பெருமூச்சு விட்டாள். அந்த வீட்டில் அவரை இடைமறித்துப் பேச்சை முடித்தவர் இதுவரை எவரும் இல்லை.

ஒருவழியாக இயந்திரம் மாடிக்கு வந்து பூட்டப்பட்டது. அறுந்த பெல்ட்டுக்குப் பதிலாகப் பதாகை கட்டிய கயிற்றைக் கோத்தார்கள். ஓடியது, முன்னைவிட இரு மடங்கு சத்தத்தோடு ஓடியது. சுவரில் மாட்டக் கைவேலை இல்லையென்றால் என்ன, நாமே தைப்போம் என்று பேச்சாளர் துணிந்தார். புதிதாகப் பழகுகிறவர்கள் தலையணை உறையில் தொடங்கலாம் என்று ஏதோ வார இதழில் படித்திருந்தார். ‘தோழனே விழித்தெழு’ என்ற பதாகையை வெட்டி, சதுரமாக மடித்து, வெகு கவனமாக நான்கு பக்கமும் தைத்து முடித்தார். தலையணை மட்டும் வெளியே நின்றது.

“ஒரு பக்கம் திறந்திருக்கணும் அத்தான்.”

“தெரியும். சோதனைக்காகச் செஞ்சேன்.”

ஒரு பக்கத்தைப் பிரித்துத் தலையணையைத் திணித்தபோது நடுவில் கொட்டை எழுத்தில் ‘விழித்தெழு’ என்பது மட்டும் தெரிந்தது.

“இதுல தலையை வச்சு எப்படி அத்தான் தூங்குறது?”

“சரி, நாற்காலிக்கு ஒரு மெத்தை தைப்போம்.”

நாற்காலி மெத்தையில் ‘அடங்கி உட்காராதே’ என்று வந்தது.

இனித் திரை ஒன்றுதான் பாக்கி. நீளமான பதாகை, நேரான தையல், எளிய வேலை. பேச்சாளர் மிதியை அழுத்தினார். சக்கரம் சுழன்றது. துணி ஓடியது. துணியோடு அவருடைய சட்டைக் கையும் ஓடியது. நிறுத்த வேண்டிய நேரத்தில் பதற்றத்தில் அவர் கால் இன்னும் வேகமாக மிதித்தது. முடிவில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, திரையும் சட்டையும் பிரிக்க முடியாத ஒற்றுமையில் இணைந்திருந்தன.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“அக்கா வந்துட்டா! அசையாம இருங்க, கத்தரிக்கிறேன்.”

“சட்டையை வெட்டு! பதாகையை வெட்டாதே!”

“ரெண்டும் ஒண்ணாயிடுச்சு அத்தான், எதுன்னு தெரியல!” நூலை மட்டும் ஊசியோரம் நறுக்கி அவரை இயந்திரத்திலிருந்து விடுவித்தாள். திரையிலிருந்து விடுவிக்க நேரமில்லை.

மனைவி படியேறி வந்தாள். வாயிலில் நின்றாள். நிறவாரியாக நின்ற நூல்கண்டுகளைப் பார்த்தாள். பொத்தான் புட்டிகளைப் பார்த்தாள். சுவரில் பதிந்த கரிய கையைப் பார்த்தாள். ‘விழித்தெழு’ என்ற தலையணையையும் பார்த்தாள். கடைசியாக, கையிலிருந்து தரை வரை பதாகை தொங்க நின்ற கணவரைப் பார்த்தாள்.

“என்ன தோழர், ஊர்வலம் கிளம்பிட்டீங்களா?”

“தோழரே, இது உன் அறை.” பதாகை தொங்கிய கையை நீட்டிக் காட்டினார். “உன் மெஷின். உன் சன்னல். செருப்பு அலமாரி பக்கத்துல உன்னை உட்கார வச்சிருந்தேன். அந்தக் கடனை இன்னைக்குத் தீர்க்கிறேன்.”

அவள் இயந்திரப் பலகையைக் கையால் தடவினாள். முகம் கனிந்தது.

“ரொம்ப அழகா இருக்கு. இவ்வளவு பாடுபட்டீங்களா எனக்காக?” என்றாள். அடுத்த மூச்சில், “வெளிச்சம் நல்லா வருதே, கட்டில் போட்டா மத்தியானம் சுகமா படிக்கலாம். மெஷினைத்தான் இவளுக்குக் கொடுக்கிறதா சொல்லிட்டேனே” என்றாள்.

“ஏன்? ஏன் கொடுக்கணும்?”

“அதுக்கு இனிமே இங்க வேலை இல்ல தோழர்.”

பேச்சாளரின் உள்ளம் நொறுங்கியது. வேலை இல்லையா? ஒரு கலை சாகிறது, அதற்கு வேலை இல்லை என்பதா? மருத்துவரை மறந்தார். தொண்டையை மறந்தார். கையில் தொங்கிய திரையையும் மறந்தார். பழைய வழக்கப்படி கண்களை இறுக மூடினார்.

“தோழர்களே!”

சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பொத்தான் புட்டிகள் கலகலத்தன. தெருவில் நின்ற வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். உறங்கிய குரல் ஒரு கீறலும் இல்லாமல் முழுதாக எழுந்துவந்தது!

“ஊசி முனை சிறிது, அது இணைப்பதோ பெரிது! கிழிந்ததைக் கண்டு கலங்கி நின்றதா ஊசி? இல்லை! குனிந்தது, நுழைந்தது, இணைத்தது! அந்த ஊசியை ஏந்திய கை, இன்று ஓய்வு கேட்கலாமா?”

அப்போதுதான் அது கேட்டது.

கடகட. கடகடகடகட.

அவருக்கு மெய்சிலிர்த்தது. கண்ணைத் திறக்கவே அஞ்சினார். திறந்தால் கலைந்துவிடுமோ என்று. குரலை உயர்த்தினார், சக்கரமும் வேகம் கொண்டது. அந்த வாடகை வீடு திரும்பி வந்தது. மங்கலான விளக்கு வந்தது. பாயில் புரளும் பையன் வந்தான். எண்ணெய் பளபளக்கும் இரும்பின் மேல் குனிந்த, இளமை மாறாத ஒரு தலை வந்தது. கன்னத்தில் நீர் வழிய வழியப் பேசினார். இழந்த காலம் அனைத்தையும் அந்த ஒலி அவர் காலடியில் கொண்டுவந்து கொட்டியது.

மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார். இயந்திரமும் நின்றது. அடடா, என்ன இணக்கம்!

தேநீருடன் அருகில் வந்து நின்ற மைத்துனியின் பக்கம், கண்ணைத் திறக்காமலே தலையைச் சாய்த்தார்.

“கேட்டியாம்மா? கலை சாகாது! எட்டிப் பாரு, உங்க அக்கா என்ன தைக்கிறான்னு சொல்லு.”

“என்னத்தைத் தைக்கிறது அத்தான்? ஊசியில நூலே இல்ல. நீங்க வாயைத் திறந்ததும் அக்கா இதைச் சும்மா ஓட்ட ஆரம்பிக்கிறது இன்னைக்கு நேத்தா நடக்குது?”