பூதக்கண்ணாடியார் காத்த அழுக்கு

பலெர்மோ நகரில் வீடு துப்புரவு செய்து வாழும் தமிழர்களுள், அழுக்கைக் காப்பதற்காக வேலையையே பணயம் வைத்தவர் பூதக்கண்ணாடியார் ஒருவரே. அவருடைய ஞானஸ்நானப் பெயர் வேறு. சட்டைப்பையில் இருந்த உருப்பெருக்கிக் கண்ணாடி அதனை விழுங்கிவிட்டது.

பொலிதேயாமாப் பகுதியில் ஒரு சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மையாரின், வீட்டில் அவர் துப்புரவு, நான் சமையல். சின்யோராவின் காலஞ்சென்ற கணவர் வுச்சீரியாச் சந்தையில் தேடித் தேடி வாங்கிய பழைய ஜேர்மனியப் போர்ப் பதக்கங்கள் அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. தூசி தட்டப் போன நம்மவர், சில ஆண்டுகளில் அவற்றுக்குச் சாதகமே கணிக்கத் தொடங்கினார். இரும்புச் சிலுவை எனப்படும் பதக்கம் ஒரே தகட்டில் அடித்ததா, மூன்று துண்டுகளைப் பொருத்தியதா, எந்தப் பட்டறையில் பிறந்தது என்பவற்றை பின்புற ஊசியையும் விளிம்பையும் பார்த்தே சொல்வார்.

அந்தோனியார் திருநாளன்று கோயிலில் கொடுத்த பதக்கங்களும் தப்பவில்லை. அவை இரண்டு வெவ்வேறு அச்சுகளில் அடித்தவை என்று சுவாமியாரிடமே அறிவித்தார். ஆசீர்வாதம் ஒன்றுதான் என்று சுவாமியார் உறுதியளிக்க வேண்டியதாயிற்று.

கதவுப்பிடி முதல் கரண்டி வரை பளபளக்க வைத்தவர், பெட்டியிலிருந்த பதக்கங்களை மட்டும் மினுக்க மறுத்தார். சின்யோரா மூன்று முறை கண்டித்துவிட்டார்.

"அண்ணை, பேசாமல் ஒருக்கா மினுக்கி விடுங்கோவன். வேலை போனா இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவும் சிக்கலாப் போயிடும்," என்றேன்.

"மினுக்கினா வேலை இருக்கும் தம்பி, தழும்பு போயிடும்."

தழும்பு என்று அவர் சொன்னது அச்சில் விழுந்த வெடிப்பை. அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு பதக்கத்திலும் அதே இடத்தில் அது தெரியுமாம்.

ஒருநாள் பதக்கங்களை விற்பதற்காகச் சின்யோராவின் சகோதரி மகன் வந்தார். இரும்புச் சிலுவையைக் காந்தம் பிடிக்கவேண்டும் என்பது ஒன்றே அவர் அறிந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த எலுமிச்சம்பழக் காந்தத்தைப் பிடுங்கி வந்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒரு சிலுவை அசையவில்லை. துப்புரவுக்காரர் அசலை விற்றுவிட்டுப் போலியை வைத்திருக்கிறார், இன்றே வெளியேறட்டும் என்றார். சின்யோரா சிலுவையையும் பூதக்கண்ணாடியாரையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பூதக்கண்ணாடியார் கோபிக்கவில்லை. அந்தச் சிலுவையையும் காந்தம் பிடித்த வேறொன்றையும் அருகருகே வைத்து, கண்ணாடியைச் சின்யோராவிடம் நீட்டினார். சில பட்டறைகள் நடுத்துண்டைப் பித்தளையிலும் செய்தன என்று பணிவாக விளக்கினார். இரண்டின் வெள்ளி விளிம்பிலும், சிலுவையின் கீழ்க்கையில் ஓடும் மணிவரிசையின் மூன்றாம் மணியில், அழுக்கு காத்துத் தந்த அதே வெடிப்பு இருந்தது. இரண்டும் ஒரே அச்சின் பிள்ளைகள்.

சின்யோரா நெடுநேரம் குனிந்து பார்த்தார். பின்பு, காந்தத்தை எடுத்த இடத்திலேயே ஒட்டிவிடும்படி சகோதரி மகனிடம் சொன்னார். பதக்கங்கள் விற்கப்படவில்லை.

அன்று வீடு திரும்பும் பேருந்தில் பூதக்கண்ணாடியார் என்னிடம் கேட்டார்: "நீரும் ஒரு நிமிசம் என்னைச் சந்தேகப்பட்டனீர், என்ன?"

"ஓம் அண்ணை."

"காந்தம் பிடிக்கேல்லை எண்டா ஆருக்கும் அப்பிடித்தான் தோணும்," என்று என் தோளில் தட்டினார்.

சென்ற ஆண்டு மகள் அவரை ஜேர்மனிக்கே அழைத்துக்கொண்டாள். புறப்படும்போது, இனி பதக்கங்களை நான்தான் பார்க்கவேண்டும் என்று கண்ணாடியை என்னிடம் தந்தார். அண்மையில் தொலைபேசியில் குறைப்பட்டார்: "இஞ்சை ஒருத்தருக்கும் இதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை, தம்பி."

இப்போது துப்புரவும் என் பொறுப்பு. வீடு முழுவதையும் துடைக்கிறேன். அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் துடைப்பதில்லை.