கம்பளியானையைக் கொன்றது யார்?

பல்லாயிரம் வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன மிருகத்துக்காக ஷேர் ஆட்டோவை நிறுத்தி நியாயம் கேட்கிற டிரைவர் உலகத்திலேயே ஒருவர்தான். குமணன்சாவடி ஸ்டாண்டில் இருக்கிறார். பெயர் யாருக்கும் தெரியாது. கம்பளியானை என்றால் டிராஃபிக் போலீஸுக்கே தெரியும்.

செல்போன் வீடியோவில் உடம்பெல்லாம் ரோமத்தோடு நின்ற அந்த யானையைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்வி. அது அழிந்தது பனி உருகிப் புல் மாறியதாலா, மனிதன் வேட்டையாடியதாலா? நசரத்பேட்டைக்கு எட்டுப் பேர் சேராமல் வண்டியை எடுக்க மாட்டார். அதுவரை ஏறியவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். லேட்டானதற்கு நான் ஆபீஸில் சொன்ன காரணங்களில் உண்மையான இந்த ஒன்றைத்தான் மேனேஜர் கடைசிவரை நம்பவில்லை.

அவர் வேட்டைக் கட்சி. பனி அதற்கு முன்னாலும் பல தடவை உருகியிருக்கிறது, அப்போதெல்லாம் பிழைத்த யானை ஈட்டிக்காரன் வந்ததும் ஏன் போனது என்று மடக்குவார்.

"ரெண்டு வருசம் வவுத்துல சொமந்து ஒரே ஒரு குட்டி போட்றது சார். அப்பப்ப ஒண்ணு அட்ச்சாலே போதும், குடும்பமே காலி."

பூக்கூடையோடு வரும் கஸ்தூரி அக்கா பனிக் கட்சி. இந்த வெயிலில் பூவே தாங்கவில்லை, கம்பளி போர்த்திய யானை எப்படித் தாங்கும் என்பார்.

ஒருநாள் ஓட்டெடுப்பு வைத்தார். வேட்டை என்பவர்கள் இடப்பக்கம், பனி என்பவர்கள் வலப்பக்கம். கிளம்பினால் போதுமென்று ஏழு பேரும் டிரைவர் கட்சிக்கே ஓட்டுப் போட்டு, ஒருவர் மடியில் ஒருவராக இடப்பக்கம் அடைந்துகொண்டோம். வலப்பக்கம் அக்காவும் கூடையும் மட்டும். வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தோரம் ஒதுங்கியதும் வண்டி சாய்ந்து, சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. நாங்கள் தள்ள, அக்கா உள்ளே உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டும் சேந்துதான் கவுத்துகீது நைனா. அங்க பள்ளமும் கீது, இங்க நீங்களும் கீறீங்க."

அன்றிலிருந்து டிரைவரும் 'ரெண்டும்தான்' கட்சி. ஆராய்ச்சியாளர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். பாவம், அவர்களுக்கு ஆட்டோ தள்ளும் வேலை இருந்திருக்காது.

பிறகு பைக் டாக்ஸி வந்தது. கேள்வி கேட்காமல் கொண்டுபோய் விடுகிறது என்று நானும் மாறிவிட்டேன். ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டியாகக் காணாமல் போய், அவருடையது மட்டும் மிஞ்சியது. ஆள் சேரவில்லையென்றால் அதையும் உடைக்கப் போட்டுவிடுவதாக ஓனர் சொல்லிவிட்டாராம். கடைத்தெருவில் பார்த்தபோது அக்காதான் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் காலை போய் ஏறினேன். உள்ளே அக்கா மட்டும்தான். என்ன ஆச்சு என்று டிரைவரிடம் கேட்டேன்.

"பாலம் வேலைன்னு ரோட்ட மாத்திட்டானுங்க சார். அது பனி." மேலே சொல்லாமல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மீதி வேட்டை அண்ணாத்தே," என்றேன். "ஈட்டி வச்சிருந்தவங்கள்ல நானும் ஒருத்தன்."

அவர் அதே துணியால் எனக்குப் பக்கத்து சீட்டையும் துடைத்துவிட்டார்.

இப்போது தினமும் அரைமணி நேரம் முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்பிவிடுகிறேன். எட்டுப் பேர் மெதுவாகச் சேரட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.