ஒட்டுக் கூந்தல்

“எண்ணெயும் சீயக்காயும் கொண்டாங்கடி. குளிப்பாட்டணும், நேரமாவுது.”

வள்ளியம்மாளின் குரல் கேட்டதும் மோகனா உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

பந்தலுக்கடியில் பெஞ்சில் அவளுடைய மாமியார் சம்பூர்ணத்தைக் கிடத்தியிருந்தார்கள். வந்திருக்கும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவரும் இனி அந்தத் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தலையிலிருந்த கூந்தலில் முக்கால்வாசி சம்பூர்ணத்தினுடையது அல்ல.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியபோது முடியெல்லாம் கொட்டிவிட்டது. சம்பூர்ணம் கணியம்பாடியில் மகள் வீட்டிலேயே முக்காட்டோடு கிடந்தாள். விரலளவு முளைத்ததும் ஆம்பூரிலிருந்து மருமகளை வரவழைத்துச் சத்தியம் வாங்கினாள். “உங்க மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. நான் செத்தாலும் தெரியக் கூடாது.”

மோகனா ஷூ கம்பெனியில் தோலுக்குத் தோல் ஒட்டுகிறவள். லாங் பஜாரில் நீள முடிப் பட்டைகளை வாங்கிவந்தாள். சொந்த முடியில் மெல்லிய கற்றையை நடுவில் விட்டு, பசை நாடா உள்ள இரண்டு பட்டைகளை மேலும் கீழும் வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். எடுப்பதற்கு எண்ணெய் தடவி ஊறவிட்டால் போதும், தானாக வழுக்கிக்கொண்டு வரும்.

சம்பூர்ணம் அதனால்தான் எண்ணெயையே தொடாமல் இருந்தாள். இன்று ஊரே சேர்ந்து தொடப்போகிறது.

“பெரியத்தே, நெத்தியில மட்டும் தொட்டு வச்சா போதாதா?”

“இன்னாடி புதுசா? கடைசிக் குளியல்லகூட கம்மி பண்ணுவியா?” வள்ளியம்மாள் மாமனாரின் அண்ணன் மனைவி. யார் வீட்டுச் சாவிலும் அவள் வைத்ததுதான் சட்டம்.

“அந்தப் பூவாச்சும் இருக்கட்டும்.”

“பூ மேலயா எண்ணெய் ஊத்துவாங்க?” என்று அவள் மல்லிகைச் சரத்தைப் பிடித்து இழுத்தாள். சரத்தோடு ஒரு பட்டையும் நகர்ந்தது.

“அத்தே!” என்று அலறியபடி மோகனா பிணத்தின் தலைமீது விழுந்து மறைத்தாள்.

“மருமவள்னா இவதான்” என்று நாலு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

கடைசியாக ஒரு தடவை தலைவாரி விடுகிறேன் என்று அழுது, மோகனா அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள். புருஷனைக் கிட்டே கூப்பிட்டாள்.

“ஏங்க, உள்ள ஷூ ஒட்டுற சொல்யூஷன் டப்பா இருக்குது. சீக்கிரம்.”

“பொணத்துக்கு எதுக்குடி சொல்யூஷன்?” என்றான் கோபி.

“எடுத்தாங்கன்னா!”

மழையில் ஊறினாலும் ஷூ பிரியாது, எண்ணெய் என்ன செய்துவிடும் என்று நினைத்து ஒவ்வொரு பட்டையின் அடியிலும் தடவினாள். கம்பெனியில் கோணலாக ஒட்டிய நாடாவைப் பிரித்தெடுக்கவும் இதே சொல்யூஷனைத்தான் தடவுவார்கள் என்பது அந்தப் பதற்றத்தில் மறந்துபோயிற்று.

“இன்னா இது, செருப்புக் கடை வாசன?”

“ஊதுவத்தி, பெரியம்மா. புது கம்பெனி” என்றான் கோபி.

வள்ளியம்மாள் எண்ணெயை ஊற்றி அழுத்தித் தேய்த்தாள். கையை எடுத்தபோது வளையலில் ஒரு முழ முடி தொங்கியது. அடுத்து வந்தவள் கையில் இன்னொரு பட்டை ஒட்டிக்கொண்டது. அவள் உதற உதற அது விடவில்லை. ஒப்பாரி பாதியில் நின்றது. நரைத்த குட்டை முடி எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

அப்போது, எதிர்வீட்டு ஆட்டோக்கார வாஹித் பாஷா தோளைப் பிடித்துக்கொள்ள, மாமனார் பஞ்சாட்சரம் வந்தார்.

மோகனா குறுக்கே நின்றாள். “மாமா, நீங்க வேணாம். உங்களால தாங்க முடியாது.”

“வழி விடும்மா.”

கிண்ணத்தைத் துழாவி எண்ணெய் தொட்டார். கூந்தலைத் தடவினார். கடைசிப் பட்டை அவர் விரல்களோடு உருவிக்கொண்டு வந்தது. மோகனா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“பாத்தீங்களா அண்ணி” என்றார் பஞ்சாட்சரம், கையில் முழு நீளத்துக்கும் தொங்கிய முடியை நெஞ்சோடு அணைத்தபடி. “எவ்ளோ நீட்டம்! அந்த மருந்துக்கு எல்லாருக்கும் கொட்டுதாம். என் சம்பூர்ணத்துக்கு ஒண்ணுகூடக் கொட்டல.”

வள்ளியம்மாள் வளையல் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மோகனா தேம்பினாள். “பாருங்க பாய், அத்த மானத்தக் காப்பாத்த எப்படி நடிக்கிறாரு...”

வாஹித் பாஷா அவள் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

“நடிக்கலம்மா. அவங்க நோவுல படுக்கறதுக்கு முன்னாடியே அண்ணனுக்குப் பார்வை போயிடுச்சு. ‘அவளுக்குத் தெரிஞ்சா எனக்காகச் சிங்காரிக்கிறத விட்டுடுவா, சொல்லாத பாஷா’ன்னு என் வாய அடைச்சிட்டாரு.”