டெஸ்ட் நாள் உத்தமர்

மீனில் எத்தனை ரகமோ, பத்தியக்காரர்களிலும் அத்தனை ரகம். அதில் ஒன்று, வருஷம் முழுக்கக் கறியும் கொழுப்புமாக வளைத்துக் கட்டிவிட்டு, பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு மட்டும் முற்றும் துறந்த முனிவராகிவிடும். அதற்கு 'டெஸ்ட் நாள் உத்தமர்' என்று பெயர் வைத்தவன் நான். நாலாங்கிளாஸ் தாண்டாதவன்தான், ஆனால் தள்ளுவண்டியில் தொடங்கி மூன்று கடை கண்டவன். ஆளை எடைபோட எனக்குத் தராசு வேண்டாம்.

முத்தியால்பேட்டை இரும்புக்கடை ராஜவேலைப் பாருங்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் பையில் சுரைக்காய் வரும். வயிற்றில் தாஜுதீன் பாய் கடை ஆட்டுக்கால் பாயா வரும். வாசனை போக வழியெல்லாம் கொத்துமல்லித் தழையை மென்றுகொண்டே வந்து, வீட்டு ஓட்ஸ் கஞ்சியைப் பார்த்து, "எனக்கு இதுவே போதும், அஞ்சலை" என்பார் மனைவியிடம். என்ன நடிப்பு!

இந்த முறை பரிசு பெரிசு. "ஸ்கேன் நல்லா வந்துட்டா ஞாயித்துக்கெழம கறி ஆக்குறேன்" என்று மனைவி அஞ்சலாட்சி வாக்குக் கொடுத்திருந்தாள். மனுஷன் விடுவாரா? மூன்று நாளும் வெறும் மோர். ஸ்கேன் அன்று காலையில் அதுவும் இல்லை.

ஆனால் இது புது மாதிரி ஸ்கேன். படத்தில் ஒளிரும்படி அடையாளம் போட்ட கொழுப்பை ஊசியில் ஏற்றி, அது ரத்தத்திலிருந்து இதயத் தசைக்குள் போவதைப் படம் பிடிப்பது. முடிந்ததும் டாக்டரம்மா நிர்மலாதேவி திரையைத் திருப்பிக் காட்டினார். இதயம் கார்த்திகை தீபமாக ஜொலித்தது.

"என்னம்மா இவ்ளோ வெளிச்சம்?" என்றார் ராஜவேல்.

"கொழுப்புங்க. ரத்தத்துலேர்ந்து இதயத்துக்குள்ள போயிருக்கு."

தீர்ந்தது. தின்ற பாயா மொத்தமும் பெண்டாட்டி கண்ணெதிரே எரிகிறதே! ராஜவேல் பக்கத்தில் நின்ற மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சலை, சத்தியமா வாரத்துக்கு ரெண்டு வாட்டிதான்! நான் வேணாம்னுதான் சொன்னேன், பாய்தான் நல்லி எலும்பைத் தட்டித் தட்டிப் போட்டாரு..."

டாக்டரம்மா விழித்தார். "எந்தப் பாய்? இது நாங்க ஊசியில போட்ட கொழுப்பு. வெறும் வயித்துல இருந்தா இதயம் கொழுப்பைத்தான் சாப்பிடும். உங்களுது நல்லாவே சாப்பிடுது. ரிசல்ட் பிரமாதம்!"

கேட்காமலே குற்றத்தை ஒப்புக்கொண்டவனை எந்த வக்கீல் காப்பாற்றுவான்?

அஞ்சலாட்சி நிதானமாகத் திரும்பினாள். "ரிசல்ட் நல்லா வந்துட்டுது. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். ஞாயித்துக்கெழம கறி ஆக்குறேன். உங்க தம்பிங்க குடும்பத்தையெல்லாம் கூப்பிடுறேன். நீங்க பரிமாறுங்க. உங்க எலையில சுரைக்கா."

சிரிக்கிறீர்களா, வாசகரே? தாராளமாகச் சிரியுங்கள். வாயில் இருக்கிற கொத்துமல்லியை மட்டும் விழுங்கிவிட்டு.