எழுபத்தைந்துக்குப் போன நல்ல தூக்கம்

சொந்த மச்சினனிடமிருந்து எழுபத்தைந்தாயிரம் கறந்துவிடுவது என்று கணக்கதிகாரி தீர்மானித்தபோது, அந்த மச்சினன் விற்ற மெத்தையில்தான் படுத்திருந்தார்.

மெத்தை நடுவில் குழி விழுந்து ஒரு வருஷமாகிறது. படுத்தால் மனிதர் இரண்டாக மடங்கிவிடுவார். எழுப்ப மனைவி கை கொடுக்க வேண்டும். இந்த அழகுக்குத் தள்ளுபடி ஒரு காசு கிடையாது. “உங்ககிட்ட போய் லாபம் பார்ப்பேனா மாமா?” என்று உருகிவிட்டு, முழு விலையையும் வாங்கிக்கொண்டான்.

அன்று மதியம் அதே மச்சினன் வாயில் சாப்பாட்டோடு அறிவித்திருந்தான். இனிமேல் மெத்தை வியாபாரம் இணையத்தில். பெயர்கூட யோசித்தாகிவிட்டது. நல்லதூக்கம் டாட் காம்.

“பேரைப் பதிவு பண்ணிட்டியாடா?” என்றாள் அக்கா.

“அடுத்த வாரம் பண்ணிக்கலாம்க்கா. இதை வேற எவன் வாங்கப் போறான்?”

எவனும் வாங்கவில்லை. மாமா வாங்கினார். மெத்தைக் குழியில் கிடந்தபடியே, கைப்பேசியில், பத்து நிமிஷத்தில். வாங்கிய கையோடு, டொமைன் எனப்படும் இணையப் பெயர்களை வாங்கி விற்கும் ஒரு தளத்தில் அதை விற்பனைக்கும் போட்டார். விற்பவர் பெயர் வெளியே தெரியாது. விலை கேட்ட கட்டத்தில் 75 என்று அடித்தார். அடித்துவிட்டு, ராஜாவைப் போலத் தூங்கினார்.

இங்கேதான் அவர் உத்தியோகம் காலை வாரியது. அவர் கம்பெனியில் எல்லாக் கணக்கும் ஆயிரத்தில். அறிக்கையின் தலையில் ‘தொகை ஆயிரங்களில்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் பிறகு கடைசி மூன்று பூஜ்யங்களை யாரும் எழுத மாட்டார்கள். பதினெட்டு வருஷமாக மனிதர் மூன்று பூஜ்யங்களைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவரைப் பொறுத்தவரை எழுபத்தைந்து என்றால் எழுபத்தைந்தாயிரம்தான். அந்தத் தளத்துக்கு இந்தச் சம்பிரதாயம் தெரியாது.

அடுத்த வாரம் மச்சினன் ஒரு பெரிய கேக்கோடு வந்து குதித்தான்.

“அக்கா! மாமா! பேரு கிடைச்சிடுச்சு! எவனோ எனக்கு முன்னாடியே வாங்கி வச்சிருந்தான். போச்சுடான்னு பார்த்தா, விற்பனைக்குன்னு போட்டிருந்தான். வெறும் எழுபத்தஞ்சு!”

“ஆயிரம்தானே?” என்றார் மாமா, பெருந்தன்மையாக.

“எந்த ஆயிரம்? எழுபத்தஞ்சுதான் மாமா! இந்தக் கேக்கே அதைவிட ஜாஸ்தி!”

வாயில் போட்ட முதல் துண்டுக் கேக் மாமாவின் தொண்டையில் நின்றது. மனைவி தலையில் தட்டினாள். தேவைக்கு மேல் இரண்டு தட்டு அதிகமாக விழுந்த மாதிரி இருந்தது.

“எவன்டா அந்த அறிவாளி?” என்றாள்.

“பேரு தெரியாதுக்கா. ஆனா வடிகட்டின முட்டாள்.”

“அப்படிச் சொல்லிட முடியாது மாப்ளே,” என்றார் மாமா. “படிச்சவனா இருப்பான். கொஞ்சம் அசந்திருப்பான்.”

“பதிவு பண்ணவே அதுக்குப் பத்து மடங்கு ஆகும் மாமா! கைக்காசைப் போட்டு எனக்கு தானம் பண்ணியிருக்கான்!”

“உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?” என்றாள் மனைவி.

“வயிறு சரியில்லை,” என்று சொல்லிவிட்டு, மாமா கைப்பேசியோடு குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டார்.

ஆயிரங்கள் போனது ஒருபக்கம். விஷயம் வெளியே தெரிந்தால், ஆயுசுக்கும் இந்த வீட்டில் தலை நிமிர முடியாது. எப்படியாவது பெயரைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். வாங்கியவரும் விற்றவரும் முகம் தெரியாமல் பேசிக்கொள்ள அந்தத் தளத்தில் வசதி இருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதினார்.

‘ஐயா, விலையில் சிறு தவறு நேர்ந்துவிட்டது. தயவுசெய்து பெயரைத் திருப்பித் தரவும்.’

கூடத்தில் மச்சினன் உரக்கப் படிப்பது கதவு வழியாகக் கேட்டது. “அக்கா, அந்த ஆளு எழுதறான்! பாவம்க்கா, குடுத்துடலாமா?”

மாமாவுக்கு மச்சினன் மேல் முதல்முறையாகப் பாசம் பொங்கியது.

“பாவமாவது! அடுத்தவன் பேரை முன்னாடியே பதுக்கத் தெரிஞ்சவனுக்கு என்ன பாவம்? குடும்பஸ்தனான்னு கேளு.”

கேள்வி காதுக்கு முதலில் வந்தது. அப்புறம் கைப்பேசிக்கு வந்தது. மாமா எழுதினார்: ‘ஆம். இந்த நஷ்டம் மனைவிக்குத் தெரிந்தால் வீட்டில் பிரளயம்.’

“பிரளயமாம்க்கா!”

“அப்படியா? அந்தம்மா எப்படிப்பட்டவங்கன்னு கேளு.”

மாமா யோசித்தார். நல்லவள் என்று எழுதினால் யார் இரக்கப்படுவார்கள்? இரக்கம்தான் இப்போது முதலீடு. தாராளமாகப் போட்டார். ‘அவள் ஒரு ராட்சசி ஐயா. நெஞ்சில் சொட்டு ஈரம் இல்லாதவள். வாயைத் திறந்தால் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும்.’

கூடத்தில் மச்சினன் படித்து முடித்தான்.

“சே!” என்றான் மச்சினன் தழுதழுத்து. “என்ன கொடுமைக்கா! நம்ம மாமா எவ்வளவு குடுத்து வச்சவரு பாரு. எல்லாருக்குமா உன்னை மாதிரி அமையும்? குடுத்துடறேன்க்கா.”

குடு மாப்ளே, குடு, என்று வாளியின் மேல் மாமா கைகூப்பினார்.

“இரு,” என்றாள் அக்கா. “இவ்வளவு கஷ்டப்படற மனுஷனுக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொல்லணும். போனை இப்படிக் குடு, நானே எழுதறேன். நீ போய் மிச்சக் கேக்கை வெட்டு.”

இந்தத் தடவை எதுவும் காதுக்கு வரவில்லை. தட்டுகள் எடுக்கும் ஓசை மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்துக் கைப்பேசி அதிர்ந்தது. மாமா ஆவலோடு திறந்தார்.

‘ராட்சசி எழுதிக்கொள்வது. பேரை நீங்க வாங்கின அன்னிக்கே பேங்க்லேருந்து என் போனுக்கு மெசேஜ் வந்துடுச்சு. தளத்துல தேடி விலையைப் பார்த்துட்டு, பேரை இப்பவே போய் பதிவு பண்ணுன்னு தம்பியை விரட்டினதும் நான்தான். அவனுக்கு வித்தது யாருன்னு தெரியாது. தெரியவும் வேண்டாம், மாமா மேல உசிரையே வச்சிருக்கான். அதுக்குப் பதிலா அவன் கடைக் கணக்கை இந்த வருஷம் பூரா நீங்க சும்மா எழுதித் தர்றீங்க. ஆயிரத்துல இல்லை, முழுசா. அப்புறம், நெஞ்சுல ஈரம் இல்லேன்னு எழுதியிருந்தீங்க. ஈரமெல்லாம் நாலு நாளா அங்கே குழாய்லதான் சொட்டிக்கிட்டிருக்கு. எப்படியும் உள்ளேதானே உட்கார்ந்திருக்கீங்க, அதை இறுக்கிட்டு வெளியே வாங்க.’