ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்

அன்புத் தங்கை லோர்னாவுக்கு அண்ணன் ஆர்வில் எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளை கிளைவும் அரிசோனா வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஒஹாயோவில் என் உடம்பு சுகம். மற்ற எதுவும் சுகமில்லை. அதற்கு நீதான் காரணம் என்பதை மரியாதையாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"பல் பிடுங்குறதை விட்டாச்சு, சரி. அதுக்காக வீட்டுக்குள்ளேயே கிடந்து மக்கிப் போகாதண்ணா, ஊர்க்காரியம் எதுலயாவது போய்ச் சேரு" என்று வசந்த காலத்தில் போனில் சொன்னாய் அல்லவா? போனேன். பறவை பார்ப்போர் சங்கத்தில் சேரத்தான் நூலகத்துக்குப் போனேன். அவர்கள் கூடுவது மாடியில். என் முழங்கால் மாடிப்படியைப் பார்த்ததும் மறுத்துவிட்டது. கீழறையில் காபியும் டோனட்டும் வைத்திருந்தார்கள். உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது பள்ளி எல்லைக் குழுவில் உறுப்பினராகியிருந்தேன். யாரோ என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பல் டாக்டர்தான் நமக்கு வேணும், ஜனங்க அலறினாலும் பதறமாட்டாரு" என்றார். லோர்னா, நாற்பது வருடம் நான் பார்த்த அலறல் எல்லாம் மயக்க ஊசி போட்ட அலறல். இது வேறு.

விஷயம் இதுதான். ஊரிலுள்ள ஹாலோவே உயர்நிலைப் பள்ளி பிதுங்கி வழிகிறது. பிள்ளைகள் தகரக் கூண்டுகளில் படிக்கிறார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் இடம் போதாததால் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குக் காலை பத்து மணிக்கே மதியச் சாப்பாடு. அதனால் ஆலர் ஓடைக்கு அந்தப் பக்கம், ஸ்டப்ஸ் பன்றிப்பண்ணை இருந்த நிலத்தில், இன்னொரு பள்ளி கட்டலாம் என்றார்கள். கட்டுவதற்கு வரி போட மக்கள் ஓட்டளிக்க வேண்டும். தன் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்று தெரியாமல் யார் ஓட்டுப் போடுவார்கள்? ஆகவே எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று எல்லைக்கோட்டை முதலில் போடுங்கள், பள்ளியைப் பிறகு பார்க்கலாம் என்று எங்களை உட்காரவைத்தார்கள்.

புதுப் பள்ளி வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் அடுத்த வீட்டுப் பிள்ளை படிக்க வேண்டும் என்றும் எல்லோரும் சொன்னார்கள். ஒரு வரைபடம் போட்டால் வடக்குத் தெரு சண்டைக்கு வந்தது. அதை மாற்றினால் தெற்குத் தெரு வந்தது. வீட்டு மனைத் தரகர் பிரூயிட், "டாக்டர், அந்தக் கோட்டை ரெண்டு வீடு தள்ளிப் போட்டா உங்க கை என்ன தேஞ்சா போயிடும்?" என்று மளிகைக்கடையில் தக்காளிக்கு நடுவில் வைத்துக் கேட்டார். நான் வைத்த கடைவாய்ப்பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டார். பக்கத்து வீட்டு ராக்ஸேன் டட்டில் எனக்கு 'குட் மார்னிங்' சொல்வதை நிறுத்திவிட்டாள். அவளுடைய நாய்கூட வேலியோரம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

இதெல்லாம் பரவாயில்லை. என் மகள் டெனீஸ் ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். ஹாலோவே பேண்டு வாத்தியக்குழுவில் கிளாரினெட் வாசித்தவள். இன்று அந்தக் குழுவின் பெற்றோர் சங்கத் தலைவி. தன் மகள் டெஸ் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் அதே தொப்பியை மாட்டிக்கொண்டு அதே மைதானத்தில் நடக்க வேண்டும் என்பது டெனீஸின் பிரார்த்தனை. அவள் தெருவை ஹாலோவேயில் வைத்துக்கொள்ள ஒரே வழி, ஹாலோவேக்கு ஒரு தெரு தள்ளியிருக்கிற டிரெய்லர் குடியிருப்பின், அதாவது சக்கரம் வைத்த தகர வீடுகளின், பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி ஓடைக்கு அந்தப் பக்கம் அனுப்புவது. குழுவில் பாதிப் பேருக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அந்தக் குடியிருப்பிலிருந்து யாரும் கூட்டத்துக்கு வருவதில்லை அல்லவா?

கடைசிக் கூட்டத்துக்கு ஒருத்தி வந்தாள். இமெல்டா ரூயிஸ் என்று பெயர். வேலை உடையோடு வந்து ஒலிபெருக்கி முன்னால் நின்றாள்.

"இந்த ஊர்ல எப்பக் கோடு போட்டாலும் எங்க மேலதான் போடுறீங்க. என் பெரியவன் வீடு மாறாமலே மூணு ஸ்கூல் மாறிட்டான். சக்கரம் எங்க வீட்டுக்குத்தாங்க இருக்கு. ஆனா அது நின்ன இடத்துல நிக்குது, உங்க ஸ்கூல்தான் ஓடிக்கிட்டே இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஓடையையே எல்லையாக வைப்போம், அவரவர் பக்கத்துப் பள்ளிக்கு அவரவர் போகட்டும் என்ற வரைபடத்துக்கு ஓட்டெடுப்பு வந்தது. பாதிக்குப் பாதி நின்றது. மீதி இருந்தது என் ஓட்டு மட்டும். கையைத் தூக்கினேன். கூட்டத்துக்கு நடுவிலிருந்து டெனீஸ், "அப்பா! கையை இறக்குங்க!" என்று கத்தினாள், நான் ஏதோ ஐந்து வயதுப் பையன் போல. மண்டபமே திரும்பிப் பார்த்தது. எனக்கோ தோள்பட்டை வாதம். ஒருமுறை தூக்கினால் மறு கையால் பிடித்துத்தான் இறக்க வேண்டும். தலைவர் எண்ணி முடித்த பிறகும் கை மேலேயே நின்றது. நான் வீம்புக்கு நிறுத்தியிருக்கிறேன் என்று டெனீஸ் நினைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், இறக்க முடிந்திருந்தாலும் இறக்கியிருக்கமாட்டேன்.

"எவளோ ஒருத்திக்காக சொந்தப் பேத்தியைப் பன்னிப்பண்ணைக்கு அனுப்பிட்டீங்களேப்பா" என்று வாசலில் கேட்டாள். அவ்வளவுதான். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கிடையாது. நானும் டப்பா சூப்பும் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம்.

போன வாரம் டெஸ் சைக்கிளில் வந்தாள். அழப்போகிறாள் என்று கைக்குட்டையோடு கதவைத் திறந்தேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ரொம்பத் தேங்க்ஸ் தாத்தா! புது ஸ்கூல்ல முதல் வருஷம் பேண்டே கிடையாதாமே!"

"உனக்கு கிளாரினெட் பிடிக்காதாடி?"

"எனக்கா? நான் ஊதினா எங்க வீட்டுப் பூனை வெளியில போயிடுது. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க அழுதுடுவாங்க."

எப்படிச் சொல்வேன்? திட்டும் நான்தான் வாங்க வேண்டும், ரகசியமும் நான்தான் காக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் எத்தனையோ மாதம் கத்தினோமே, அந்தப் பிள்ளைகளில் ஒன்றைக் கூப்பிட்டு 'உனக்கு என்னம்மா வேண்டும்' என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

களைத்துப்போனேன் லோர்னா. குழுவிலிருந்து விலகுகிறேன். குளிர்காலம் முழுக்க உன்னோடு இருக்க விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். பின்னறையைக் காற்றாட வை. கிளைவுக்கு என் அன்பு. அவர் கொல்லையில் கரியடுப்பு மூட்டிச் சுடும் மண்ணெண்ணெய் வாசனை இறைச்சியைக்கூட இனி குறைசொல்லமாட்டேன் என்று சொல். உன் வீட்டில் கர்த்தர் சமாதானம் அருள்வாராக. எல்லைக்கோடு எதுவும் வராமல் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஆர்வில் ஹாஸ்கெட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தேர்தல் முடிவு வந்துவிட்டது. வரி வேண்டாம் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே பள்ளி இல்லை, எல்லை இல்லை, நான் தூக்கிய கையும் தூக்காத கைதான். இமெல்டாவின் பையன் இருந்த இடத்திலேயே இருப்பான், உட்காரத்தான் இடமில்லை. டெனீஸ் ஆவி பறக்க மக்ரோனி செய்து எடுத்துக்கொண்டு வந்து, "எல்லாம் நல்லதுக்குத்தாம்ப்பா" என்று கட்டிக்கொண்டாள். ராக்ஸேன் கையசைத்தாள். ஊரே சந்தோஷமாக இருக்கிறது. டெனீஸின் பின்னால் டெஸ் மட்டும் கிளாரினெட் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா சமையலறைக்குள் போனதும் கிட்டே வந்து, "அடுத்த வருஷம் திரும்பவும் ஓட்டெடுப்பு வைப்பாங்களாம் தாத்தா. நீங்க குழுவுலதானே இருப்பீங்க?" என்று கேட்டாள். பின்னறையைத் திறக்க வேண்டாம் லோர்னா. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.