மாடு இல்லாமல் கயிறு இல்லை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சிவக்குமார் அவர்களுக்கு,

காரிமங்கலம் கயிற்றுக்கடை கிருஷ்ணப்பன் எழுதிக்கொள்வது. இங்கு மழை ஒன்றுதான் வரவில்லை, மற்றபடி சௌக்கியம். ஓசூரில் தாங்களும் மகள் எழிலரசியும் சௌக்கியமாக இருக்கக் குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் "சரிங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

வரும் ஒன்றாம் தேதி கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து என் கடையை டெவலப் செய்யப்போவதாக எழிலரசி சொன்னாள். வேண்டாம். வியாபார வகுப்புக்குப் போய்வந்து போன மாதம் என் கடை வாசலில் தாங்கள் மாட்டிய போர்டு ஒன்றே போதும். 'ஒரு கயிறு வாங்கினால் ஒரு கயிறு இலவசம்.' சந்தையில் மாடு விற்கிறவன் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மாட்டை மட்டும்தான் கொடுப்பான், வாங்குகிறவன் புதுக்கயிறு போட்டுத்தான் ஓட்டிப்போவான், அந்த வழக்கத்தில்தான் முப்பது வருடமாக என் வீட்டு அடுப்பு எரிகிறது. ஒரு மாட்டுக்காரன் கையில் இரண்டு கயிறு கொடுத்தால் என்ன ஆகும்? பென்னாகரம் மாதப்பன் ஒரு கையில் மாடும் மறுகையில் வெறுங்கயிறுமாகச் சந்தையைத் தாண்டுவதற்குள் நாலு பேர் துக்கம் விசாரித்துவிட்டார்கள். "இன்னொண்ணு எப்பங்க செத்துச்சு?" மனுஷர் திரும்பி வந்து இலவசக் கயிற்றை என் மேசைமேல் வீசி, "ஏன் கிருஷ்ணப்பா, என் வூட்டு மாட்டைச் சாவடிக்கத்தான் இந்த ஆபரா?" என்றார். அன்று முழுக்க ஒரு ஆள் கடைப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

போர்டைக் கழற்றிப் பின்பக்கத்தில் நானே எழுதினேன்: 'மாடு இல்லாமல் வருகிறவருக்குக் கயிறு கிடையாது.' மாட்டை நிறுத்து, கழுத்தை அளந்து என் கையால் கட்டிவிடுகிறேன். உங்கள் அத்தை தீர்த்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "வூட்டு மாட்டுக்குக் கயிறு இத்துப்போச்சுன்னு வர்றவன் மாட்டை பஸ்ல ஏத்திக்கிட்டா வருவான்? வர்ற யாவாரத்த முடுக்கி உட்டுட்டு கல்லாவுல உக்காந்து என்ன பண்ணப்போறீங்க?"

"வருவான், போ" என்றேன்.

வந்தார்கள் மாப்பிள்ளை. கிருஷ்ணப்பன் கட்டின மாடு நின்னு பால் குடுக்கும்னு பேச்சு கிளம்பி, மூணு சந்தையா எனக்குத் தலைநிமிர நேரமில்லை. இருபது கயிறு போன இடத்தில் போன சந்தைக்கு அறுபது போச்சு. உங்கள் வகுப்பில் சொல்லித்தராத ஒன்றையும் கண்டுபிடித்திருக்கிறேன். இந்த வருடம் ஜனங்களுக்குச் செவலை மாட்டின்மேல்தான் ஆசை, அதிலும் இடது கொம்பு மடங்கினதாகத் தேடிப்பிடிக்கிறார்கள். அறுபதில் நாற்பது அப்படித்தான். எல்லாம் சாது. கழுத்தைத் தொட்டால் என் தோளை நக்குகின்றன. யார் வியாபாரி என்று மாட்டுக்குத் தெரிகிறது.

ஆகவே தாங்கள் வேலையை விடக்கூடாது. என் கடைக்கு நான் போதும். இது கோபத்தில் எழுதியதல்ல. கோபம் போர்டைப் பார்த்த அன்றே வந்தது, இன்னும் போகவில்லை, அது வேறு விஷயம்.

எழிலரசிக்கு என் ஆசீர்வாதம். தங்களுக்கும், கம்பெனியில் இருக்கும்வரை, என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
மா. கிருஷ்ணப்பன்

பின்குறிப்பு: நேற்று சாயங்காலம் கடிதத்தை மடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். உங்கள் அத்தை மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் நான் பாலைப் பார்த்திருக்கிறேனே தவிர மாட்டைப் பார்த்ததில்லை, அது அவள் இலாகா. செவலை. இடது கொம்பு மடங்கியிருந்தது. என்னைக் கண்டதும் தோளை நக்க வந்தது. "மாடில்லாம வர்றவங்க பாவம் எங்க போவாங்க? புளியமரத்தடியில கட்டிவெச்சு, ஆளுக்குப் பத்து ரூபா வாங்கிக்கிட்டு உங்ககிட்ட ஓட்டி உடறேன். நீங்க கட்டுன கயித்த அவுத்துக்கிட்டு மாட்டைத் திருப்பிக் குடுத்துடறாங்க" என்றாள். போர்டைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "கழட்டித்தான் பாருங்களேன்" என்றாள். ஒரு மாடு பத்தவில்லையாம், இன்னொன்று வாங்கப்போகிறாள், ஓட்டிவிட ஆள் வேண்டுமாம். வேலையை விடுவது இனி தங்கள் இஷ்டம். விட்டால் மாடு ஓட்டும் வேலைக்கான மனுவை அத்தை பேருக்கு எழுதுங்கள். என் மனு இன்று காலையிலேயே போயிருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.